மார்கழியும் மோட்டார் வண்டியும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்பவனுக்கு மார்கழி மாதத்து விடியற்காலை ஒரு பரீட்சை. மற்ற மாதங்களிலே சொற்கேட்கும் பிள்ளையாய் இருக்கும் வண்டி, மழையும் வாடையும் சேர்ந்த அந்தப் பொழுதில் மாத்திரம், சாவியைத் திருப்பினாலும் சோக்கை இழுத்தாலும் காது கேளாததுபோல் நின்றுவிடும். இந்தப் பரீட்சையிலே என் தந்தையார் ஒருமுறை தோற்றார். பல ஆண்டுகளின் பின் அதே வண்டியோடு நானும் அதே பரீட்சைக்கு உட்கார்ந்தேன். தேறினேன் என்றும் சொல்ல முடியாது, தவறினேன் என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டு விடியற்காலைகளையும் நேயர்களுக்குச் சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

திருகோணமலையை அறிந்தவர்கள் ஓர்ஸ் ஹில்லையும் அறிவார்கள். தமிழிலே உவர்மலை என்போம். மலை என்று பெயரேயன்றி, துறைமுகத்து நீர்ப்பரப்பை அடுத்து எழுந்த ஒரு மேடுதான் அது. உவர் என்றால் உப்பு. பெயர் எப்படி வந்ததோ, எங்கள் மேட்டுக்கு அது பொருத்தமான பெயரே. கதவுக் கீல், தையல் இயந்திரம், சைக்கிள் சங்கிலி என்று வீட்டில் உள்ள இரும்பு அனைத்தையும் கடற்காற்று வந்து நக்கிப் பார்த்துவிட்டே போகும். மோட்டார் வண்டியை மட்டும் விட்டுவிடுமா?

பிரித்தானியக் கடற்படையினர் 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் கையளித்துப் புறப்பட்டார்கள். அக்காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் பலவும் உள்ளூரிலே விலைப்பட்டன. கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த என் தந்தையார், கடன்பட்டு வாங்கியது ஒரு மொறிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவே இரண்டாகப் பிரிந்தது, 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டியது, பாசி நிறம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த இவ்வண்டி 1948 இல் லண்டன் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. பிரித்தானியாவில் செய்யப்பட்ட வண்டிகளுள் முதன்முதலிற் பத்து இலட்சத்தை எட்டியதும் இதுவே. இலங்கையில் ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் என்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது ஒரு வாகனம் என்பதிலும் பார்க்க ஓர் உறவினர் என்பதே பொருந்தும்.

இனி அந்த முதல் விடியற்காலைக்கு வருகிறேன்.

1968 ஆம் ஆண்டு மார்கழி. எனக்குப் பதின்மூன்று வயது. மூன்று நாளாக விடாத மழை. என் தாயாருக்குத் தொய்வு நோய் உண்டு. மாரி காலத்தில் அது கூடும். அன்று பின்னிரவில் அவருக்கு மூச்சு எடுக்க முடியாமற் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தபடி, பேசவும் இயலாமல் அவர் எங்களைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. தந்தையார் ஓடிப்போய் வண்டியிலே ஏறினார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவியைத் திருப்பி, சோக்கை முழுவதும் இழுத்து, முடுக்கியை நான்கு தரம் மிதித்துவிட்டுத்தான் ஸ்டாட்டர் குமிழை இழுப்பார். அன்றும் அப்படியே செய்தார். இயந்திரம் சுழன்றது, பற்றவில்லை. மீண்டும் இழுத்தார். மீண்டும் மிதித்தார். ஒவ்வொரு முறையும் சத்தம் தளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் ஒரு முனகல். பின்பு அதுவும் இல்லை. பற்றரி இறந்துவிட்டது.

நல்லவேளையாக நாங்கள் மேட்டிலே குடியிருந்தோம். அயல்வீட்டார் இருவரும் நானும் பின்னால் நின்று தள்ளினோம். அம்மாவைப் பின்னாசனத்தில் இருத்தியிருந்தோம். தெருச் சரிவில் வண்டி வேகம் பிடித்ததும், தந்தையார் இரண்டாவது கியரில் கிளச்சை விட்டார். ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். சரிவு முடியப் பத்துப் பாகம் இருக்கையில், இரண்டு சிலிண்டரோ மூன்று சிலிண்டரோ இருமியபடி பற்றின. வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றினார்கள், அம்மா பிழைத்தார். அந்தச் சரிவு மட்டும் இல்லாதிருந்தால் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் தந்தையார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு ஒரு கராஜுக்குப் போனார். அங்கிருந்த முதிய மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றே அழைப்பர். கடற்படைப் பட்டறையிலே தொழில் பழகியவர். தந்தையார் நடந்ததைச் சொல்லி, "குளிருக்கு ஸ்டாட் எடுக்குதில்லை, பாஸ்" என்றார்.

அவர் சிரித்தார். "ஐயா, குளிர் எண்டு சொல்லுறது வெள்ளைக்காரன்ர நாட்டிலே. அங்க தண்ணி உறையும், எண்ணெய் தடிக்கும். எங்கட ஊரிலே காருக்குக் குளிர் இல்லை, காருக்கு ஈரம்."

அந்த ஒரு வசனத்தில் எங்கள் ஊர் நோயின் பெயரை அவர் சொல்லிவிட்டார். திருகோணமலையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு உப்பையும் சுமந்து வருகிறது. அந்த ஈரம் முதலிற் போய்க் குடியேறும் இடம் டிஸ்ரிபியூட்டர் மூடி. நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த மூடியின்மேல் ஈரப் படலம் ஒன்று படிந்தால், பல்லாயிரம் வோல்ற் அழுத்தத்தோடு வரும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே இறங்கி ஓடிவிடும். உப்புக் கலந்த ஈரமென்றால் அதற்கு இன்னும் நல்ல பாதை.

பாஸ் ஒரு பிளக்கைக் கழற்றித் தந்தையாரின் கையில் வைத்தார். கறுத்து, பெற்றோலில் நனைந்திருந்தது. "இதுதான் சாட்சி ஐயா. பிளக் நனைஞ்சிருந்தா பெற்றோல் வந்திருக்கு, நெருப்பு வரேல்லை. பிளக் காய்ஞ்சிருந்தா நெருப்பு நிண்டுகொண்டிருக்கு, பெற்றோல் வரேல்லை. இதைப் பாராமல் ஸ்டாட்டரை இழுத்தா பற்றரிதான் சாகும்."

பின்பு அவர் விளக்கிய இன்னொன்று எனக்குப் பெரிய வியப்பாயிருந்தது. ஸ்டாட்டர் சுழலும்போது பற்றரியின் பலத்தை அதுவே பெரும்பாலும் குடித்துவிடுகிறது. தளர்ந்த பற்றரியாயின், தீப்பொறியை உண்டாக்கும் கொயிலுக்கு மிச்சமாவது அற்பமே. சரிவிலே தள்ளியபோது ஸ்டாட்டருக்கு வேலை இல்லை. எஞ்சியிருந்த மின்சாரம் முழுவதும் கொயிலுக்குக் கிடைத்தது. ஆகவேதான் ஈரத்தையும் மீறி வண்டி பற்றியது. எங்களைக் காப்பாற்றியது மேடு என்று நினைத்திருந்தேன். மேட்டுக்குள்ளே இப்படி ஒரு கணக்கு இருந்தது.

தந்தையாரின் நான்கு மிதிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மைனரில் உள்ளது எஸ். யூ. காபரேற்றர். ஸ்கின்னர் என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்கள் ஆக்கியது. அந்த இரண்டு எழுத்துகளில் முதலாவது அவர்கள் பெயரிலிருந்து வந்ததே. வேறு காபரேற்றர்கள் சிலவற்றில் முடுக்கியை மிதித்தால் சிறு பம்பு ஒன்று பெற்றோலைப் பீச்சும். இதிலே அந்தப் பம்பு இல்லை. ஆகையால் இயந்திரம் ஓடாதபோது எத்தனை தரம் மிதித்தாலும் ஒரு துளியும் உள்ளே போகாது. பதினொரு ஆண்டுகளாகத் தந்தையார் ஒவ்வொரு காலையும் செய்துவந்த சடங்கு வெறும் சடங்கே என்று அன்று தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. "அப்படியெண்டால் சோக் என்ன செய்யுது?" என்று ஒரு மாணவனைப்போற் கேட்டார்.

அதற்குப் பாஸ் தந்த விடையை நேயர்களுக்கு என் மொழியிற் சொல்கிறேன். பெற்றோல் நீராக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தாற்றான் எரியும். நிறைப்படி பார்த்தால் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் வேண்டும். இயந்திரம் ஆறியிருக்கும்போது உள்ளே செல்லும் பெற்றோலிற் பெரும்பகுதி குழாயின் சுவரில் துளியாய் ஒட்டிக்கொள்ளும். சிறு பகுதியே ஆவியாகும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதலாகப் பெற்றோல் விடவேண்டும். சோக்கை இழுத்தால் எஸ். யூ. காபரேற்றரின் துவாரக் குழல் கீழே இறங்கும்; அதனுள் நிற்கும் கூர்ஊசியைச் சுற்றி இடைவெளி அகலும்; பெற்றோல் கூடும். இயந்திரம் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் பிளக் நனையும், கரி பிடிக்கும்.

இந்த உண்மையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் பொன்னிலும் அரிதாயிருந்தபோது, அங்கே பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயிலே ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைப் பற்றவைப்பார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், இயந்திரமும் தட்டும். ஆயினும் நோயாளர் வைத்தியசாலைக்குப் போனார்கள். ஒரு தேக்கரண்டி பெற்றோல் ஒரு நாளைத் தொடக்கிவைத்த காலம் அது. புத்தகத்தில் உள்ள பௌதிகத்தை ஒரு சமூகமே தெருவிற் செய்து காட்டியது எனலாம்.

எங்கள் வண்டி போர்க்காலத்திற் பல ஆண்டுகள் கொட்டிலிலே தகரங்களுக்கு அடியிற் கிடந்தது. தந்தையார் போய்விட்டார், அம்மாவும் முதிர்ந்த வயதிற் போனார். நான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் வண்டியைத் திருத்தி எடுத்தேன்.

இரண்டாவது விடியற்காலை 2022 டிசெம்பரில் வந்தது. டிசெம்பரை நாங்கள் மார்கழி என்றே சொல்வது வழக்கம். அந்த ஆண்டு நாடு பட்ட பாடு யாவரும் அறிந்தது. பெற்றோல் செட்டுகளின் முன்னால் நாட்கணக்காக வரிசை. பின்பு கைபேசியிற் சதுரக் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கும் முறை. என் வண்டி வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. ஓடாத வண்டியிற் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் மூடியைத் துடைக்காமல் விட்டுவிட்டேன். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அந்த டிசெம்பர் 9 ஆந் திகதி இரவு மாண்டஸ் என்ற சூறாவளி தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஒருபோதும் காணாத குளிர்காற்று வீசிற்று. எலும்பைத் தொட்ட குளிர் என்றால் மிகையாகாது. திறந்த வெளியில் நின்ற மாடுகள் பெருந்தொகையாய் மடிந்தன. "காருக்குக் குளிர் இல்லை" என்ற பாஸின் வசனத்துக்கு அன்று ஒருநாள் மாத்திரம் விதிவிலக்கு.

விடியுமுன் எங்களுக்குப் பால் தருபவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையைத் தட்டினார். கன்னியாப் பக்கத்தில் அவருடைய மாடுகள் நிற்கின்றன. "மாஸ்டர், ரெண்டு கண்டு விழுந்து கிடக்குது. பெரிய மாடுகளை மரத்தடிக்குத் துரத்தியிட்டன். கண்டுகளைச் சைக்கிளில ஏத்தேலாது. உங்கட கார்…" அதற்கு மேல் அவர் பேசவில்லை. வெந்நீர்க் கிணறுகளுக்குப் பேர்போன கன்னியாவிலே கன்றுகள் குளிரில் சாகக்கிடந்தன.

மகளின் மகள் அன்று எங்களோடு தங்கியிருந்தாள், பதினாறு வயது. அவள் ரோர்ச் லைற்றைப் பிடித்தாள். நான் சாவியைத் திருப்பினேன். மைனரிலே சாவியைத் திருப்பியதும் மின்சாரப் பெற்றோல் பம்பு டிக் டிக் என்று ஒலிக்கும்; காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். அன்று சத்தமே இல்லை. ஸ்டாட்டர் குமிழை இழுக்கக் கை நீண்டது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அந்த முனகல் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"ஏன் அம்மப்பா, இழுக்கேல்லையா?"

"முதலிலே கேட்கவேணும் பிள்ளை, பிறகு பார்க்கவேணும், பிறகுதான் தொடவேணும்."

பம்பின் உடலைத் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினேன். நெடுநாள் ஓடாததால் உள்ளே ஒட்டியிருந்த தொடுமுனை விடுபட்டது. டிக் டிக் என்ற சத்தம் வேகமாய் எழுந்து, தளர்ந்து, நின்றது. பெற்றோல் வந்துவிட்டது. அடுத்தது தீப்பொறி. மூடியைக் கழற்றினால், உள்ளே வியர்த்த முகம்போல் ஈரம். பித்தளை முனைகளிலே பச்சைக் களிம்பு. உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தோம். பேத்தி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் இளஞ்சூட்டில் உலர்த்தி வந்தாள். இதற்கிடையில் நான் பொயின்றுகளை மென்மையான உப்புத்தாளால் உரசி, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்குத் தகட்டுமானி வைத்துச் சரிசெய்தேன். பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு இயந்திரத்தின்மேல் படும்படி வைத்துவிட்டு, பால்காரரை ஹண்டிலைச் சுற்றச் சொன்னேன். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெறித்திருந்தால் அது நோயாளிப் பொறி, நீலமே ஆரோக்கியம்.

பற்றரி தளர்ந்திருந்தது. அதை ஸ்டாட்டருக்குக் கொடாமல் கொயிலுக்கே விட்டுவைத்தேன். கியரை நியூற்றலில் விட்டு, கைப்பிறேக்கை இழுத்து, சோக்கை இழுத்து, முன்னாலே ஹண்டிலைப் பூட்டினேன். இங்கே ஓர் எச்சரிக்கை: ஹண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கவேண்டும்; கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் பிடி தானே விடுபடும். பெருவிரல் சுற்றியிருந்தால் எலும்பு முறியும். மூன்றாவது இழுவையிலே வண்டி பற்றியது. வாரக்கணக்கில் நின்ற பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பாகம் குறைந்துவிட்டிருந்தது. ஆதலால் சோக்கை நெடுநேரம் இழுத்தபடியே ஓட்டவேண்டியிருந்தது.

எல்லாமாக நாற்பது நிமிடம் சென்றிருந்தது.

கன்னியாவுக்குப் போனோம். இரண்டு கன்றுகளையும் சாக்கிலே சுற்றிப் பின்னாசனத்தில், அம்மா அன்று இருந்த அதே ஆசனத்தில், பேத்தியின் இரு பக்கமும் கிடத்தினோம். அவள் இரு கைகளாலும் இரண்டையும் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லைக்கு வருமுன், "அம்மப்பா, இது மூச்சு விடேல்லை" என்றாள். மற்றது பிழைத்தது. எங்கள் சமையலறையில், அடுப்போரமாய்க் கிடந்து, மத்தியானம் எழுந்து நின்று பால் குடித்தது.

பால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கோ அந்த நன்றியை முழுவதும் ஏற்றுக்கொள்ளும் தகுதி இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் ஏறத்தாழ முப்பது நிமிடம் என் சோம்பலுக்குரியது. வாரம் ஒருமுறை மூடியைத் துடைத்து, சாவியைத் திருப்பிப் பம்பின் சத்தத்தைக் கேட்டிருந்தால், பெற்றோல் ஒரு துளியும் செலவாகியிராது. அன்று நாங்கள் அரைமணி முந்திப் போயிருப்போம். அதனால் அந்தக் கன்று பிழைத்திருக்குமா என்பதை யார் அறிவார்? தந்தையார் ஏன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பது மட்டும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிழை கண்டுபிடிக்கும் வித்தை பெரிய வித்தையன்று. ஒழுங்காகக் கேட்பதும் பார்ப்பதுமே அது. பதற்றம் வந்தால், மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். நான்கு தரம் மிதிக்கிறான். உள்ள பலத்தையெல்லாம் அதிலேயே செலவழிக்கிறான். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை வந்துவிட்டால், பாதி வழி கடந்தாயிற்று. ஆயினும் அந்தப் பொறுமையிலும் மேலானது, வேளை வருமுன் துடைத்து வைப்பது. இதை மோட்டார் வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.

பேத்தி இப்போது உயர்தரப் பரீட்சை எழுதிய பெரிய பிள்ளை. அன்று நாங்கள் செய்தவற்றை ஒழுங்குமுறையாக ஒரு கொப்பித் தாளில் எழுதி, வண்டிக்குள்ளே வைத்திருக்கிறாள். ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் தொலைபேசியில் அழைப்பாள். சுகம் விசாரிக்குமுன் அவள் கேட்பது ஒன்று உண்டு.

"அம்மப்பா, மூடியைத் துடைச்சாச்சா?"